பன்மத அறையில் மாணவத் தொண்டராக

ரொறன்ரோவில் படிக்கிற எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பல்கலைக்கழகங்களில் பன்மத மையம், அதாவது எல்லாச் சமயத்து மாணவர்களும் வழிபடவும் மனம்விட்டுக் கதைக்கவும் ஓர் இடம், இருப்பதே தெரியாது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஸ்படைனா அவெனியூவில் 2007இலேயே தனி இடம் திறந்துவிட்டார்கள். நான் படித்த இடத்தில் இருந்தது ஒரே ஓர் அறை. தரைக்குக் கம்பளம், சுவரோரம் சுருட்டிவைத்த தொழுகை விரிப்புகள், வெளியே கால் கழுவ ஒரு குழாய், மூலையில் கேத்தல். அங்கே சக மாணவர்களுக்குத் துணையிருக்கும் தொண்டராக இருந்தேன். சேர யோசிப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

விண்ணப்பம் சின்னதுதான். நேர்முகத்தில் கேட்டவற்றில் ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: "உன் சமயத்தை விட்டு விலகுகிற ஒருவர் வந்து அதைப் பற்றிக் கதைத்தால் என்ன செய்வாய்?" நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. ஏன் என்று கேட்பேன், திருப்பிக் கூட்டிவரப் பார்க்கமாட்டேன் என்றேன். யாரையும் தன் பக்கம் இழுக்கக்கூடாது என்பதுதான் இந்தப் பொறுப்பின் முதல் நிபந்தனை. அதற்குப் பிறகு பொலிஸ் சான்று. அது கைக்கு வர நாளெடுக்கும். செப்டெம்பரில் தொடங்க நினைப்பவர்கள் கோடை விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

பயிற்சி தந்தவர்களில் ஒருவர் கடவுள் நம்பிக்கை இல்லாத ஆன்மீக ஆலோசகர். அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை. "கடவுளே இல்லையெண்டுற ஆள் என்னத்தைச் சொல்லித் தரப்போறார்?" ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஆன்மீக ஆலோசகர்கள் 2021இல் கிறெக் எப்ஸ்ரைன் என்ற நாத்திகரையே தங்கள் தலைவராகத் தெரிவு செய்தார்கள் என்று சொன்னேன். எனக்கு வாய்த்த ஆசிரியர்களில் அந்த மனிதர்தான் மிகச் சிறந்தவர். எதிரே இருப்பவர் கதையை நிறுத்தினால் அந்த இடைவெளியை அவசரப்பட்டு நிரப்பாமல் இருக்க அவரிடம்தான் பழகினேன்.

தற்கொலைத் தடுப்புக்கான சேஃப்ரோக் என்ற அரைநாள் பயிற்சியும் இருந்தது. இரண்டிரண்டு பேராக இருத்தி, "தற்கொலை செய்யலாம் என்று நினைக்கிறாயா?" என்று ஒருவரையொருவர் வாய்விட்டுக் கேட்கவைத்தார்கள். சுற்றிவளைக்கக் கூடாது, அந்தச் சொல்லையே சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லை உரத்துச் சொல்லவே பயம். ஆனால் கேட்பதால் எண்ணம் தூண்டப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "ஓம்" என்று பதில் வந்தால், ஆளைத் தனியே விடாமல் ஆலோசகரிடம் சேர்க்கும்வரை எங்கள் பொறுப்பு. இரவு நேரமென்றால் 988 இருக்கிறது. 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் இயங்கும் தற்கொலைத் தடுப்பு உதவி இலக்கம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். சொல்வதை வெளியே விடமாட்டோம், உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் சொல்லியே ஆவோம் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடவேண்டும்.

அறைக்கு வந்தவர்களில் கடவுளைப் பற்றிக் கதைத்தவர்கள் குறைவு. வாடகை, அறைத் தோழரோடு சண்டை, ஊர் நினைப்பு, இவைதான் அதிகம். 2024இல் றமழான் மார்ச் 11இல் தொடங்கியது. அந்த நாட்களில் சூரியன் மறைய மாலை ஏழு மணி தாண்டும். தலையிடி என்று வந்து இருந்த ஒரு மாணவிக்கு, நோன்பு திறக்கிற அதே நேரத்தில் சோதனை. கேட்டால் சாட்டுச் சொல்கிறாள் என்று பேராசிரியர் நினைப்பாரோ என்ற பயம். ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டம் சமய நம்பிக்கைக்குப் பாதுகாப்புத் தருகிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இருவருமாக இருந்து மின்னஞ்சல் எழுதினோம். அவள் எழுதிய முதல் வடிவத்தில் நாலு வரிக்குள் மூன்று "மன்னிக்கவும்". வாசித்துக் காட்டியதும் அவளே அழித்தாள். திகதி, சூரியன் மறையும் நேரம், பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுக்கப் பத்து நிமிடம், அந்த நிமிடங்களைக் கடைசியில் சேர்த்துத் தரவேண்டும் என்ற வேண்டுகோள், அவ்வளவுதான். மறுநாளே சம்மதம் வந்தது.

இன்னொருவர் எங்கள் தமிழ்ப் பெடியன் (அடையாளம் தெரியாமல் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). ஊரில் அம்மம்மா போய்விட்டார். சோதனைக்கு நடுவில் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கை வட்ஸ்அப்பில் பார்க்க அறையைக் கேட்டான். அனுமதியில்லாமல் நெருப்பு ஏற்றக்கூடாது என்பதால் மின்விளக்கு ஒன்றை வைத்தோம். அன்று என்னோடு பணியில் இருந்தவள் யூத மாணவி. முடிந்தபிறகு, ஏன் முப்பத்தொரு நாள் என்று அவனிடம் கேட்டாள். அவன் தெரிந்ததைச் சொன்னான். தங்கள் வீட்டில் ஏழு நாள் ஷிவா என்று துக்கம் காப்பதையும், ஷ்லோஷிம் என்ற துக்க காலம் முப்பது நாளில் முடிவதையும் அவன் கேட்டபிறகுதான் அவள் சொன்னாள். அதன்பிறகு அவன் அம்மம்மாவைப் பற்றி நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தான். மீன் குழம்புக்குப் புளி கரைக்கும் விதம்வரைக்கும்.

இப்படியான நாட்களுக்குப் பிறகு தொண்டருக்கும் ஆறுதல் வேண்டும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் பணி முடிந்ததும் ஆலோசகர் ஒருவரோடு இருந்து கதைக்க நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நீங்கள் சேரப்போகிற இடத்தில் அப்படி ஏற்பாடு உண்டா, அவசரத்தில் யாரை அழைப்பது என்பதை நேர்முகத்திலேயே கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு நடத்தினாலும் அங்கே சேரவேண்டாம் என்றுதான் சொல்வேன்.