ஒரே மாத்திரை, இரண்டு மக்கள், இரண்டு விடைகள்

சீனாவின் ஹெனான் மாநிலத்தைச் சேர்ந்த லின்சியன் வட்டாரத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் இரைப்பைப் புற்றுநோயும் வெகு அதிகம். அங்கே 29,584 பேரை ஐந்தேகால் ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜனேற்றச் சேதத்தை (ஆக்சிஜன் வினைபுரிவதால் உயிரணுவுக்கு நேரும் சேதத்தை) தடுக்கும் எனக் கருதப்பட்ட பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்து உட்கொண்டவர்களிடையே புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்திருந்தது. மறு ஆண்டே பின்லாந்திலிருந்து நேர்மாறான செய்தி வந்தது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்துக்கொண்டோருக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. புகைபிடிப்போரையும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தோரையும் கொண்டு அமெரிக்காவில் நடந்த, பீட்டா கரோட்டினையும் ரெட்டினாலையும் (வைட்டமின் ஏ) சோதித்த ‘கேரட்’ (CARET) என்னும் ஆய்வும், இதே ஆபத்து தென்பட்டதால் 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

இந்த முரண் என்னை நெடுநாள் உறுத்தியது. லின்சியன் மக்களின் உடலில் நுண்ணூட்டங்கள் பற்றாக்குறையாக இருந்தன; மாத்திரை அந்தக் குறையை நிரப்பியது. பின்லாந்துக்காரர்களிடம் நிரப்புவதற்கு அப்படியொரு குறை இல்லை. புகை நிறைந்த நுரையீரலில் மிகுதியான பீட்டா கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதன் சிதைபொருள்கள் தீங்கு செய்திருக்கலாம் என விலங்கு ஆய்வுகள் சுட்டுகின்றன. ஆகவே, ஒரு மக்கள்கூட்டத்தில் கிடைத்த விடையை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்துவது தவறு என்றே கருதுகிறேன்.

ஆக்சிஜனேற்றச் சேதம் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும் என்ற அடிப்படைக் கருத்தையே இதனால் கைவிட வேண்டியதில்லை. டி.என்.ஏ.வின் எழுத்துகள் போன்ற அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களில் குவானின்தான் மிக எளிதில் ஆக்சிஜனேற்றத்துக்கு உள்ளாகிறது. அது 8-ஆக்சோகுவானினாக மாறியபின், சைட்டோசினுடன் சேர வேண்டியது அடினினுடன் சேர்ந்துவிடுவதுண்டு. அடுத்த நகலெடுப்பில் குவானின் இருந்த இடத்தில் தைமின் நிலைத்துவிடும். ஓ.ஜி.ஜி.1 என்னும் நொதி பழுதான குவானினை வெட்டி எடுக்கிறது. மியூட்டிஒய்எச் நொதி தவறாகச் சேர்ந்த அடினினை நீக்குகிறது. இந்த இரண்டாவது நொதிக்கான மரபணு, தாய் வழியிலும் தந்தை வழியிலும் பழுதாக வந்து சேர்ந்தவர்களுக்குப் பெருங்குடலில் ஏராளமான பாலிப்புகள் (சதை வளர்ச்சிகள்) தோன்றி, புற்றுநோயாகவும் மாறுகின்றன. எந்த மாத்திரை ஆய்வையும்விட இதுவே எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது.

இந்தச் சேதத்தை அளப்பதில் இருக்கும் சிக்கல் வேறு. உயிரணுவிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.வை, வாயு நிறப்பிரிகை முறைக்காகச் (பொருள்களை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் முறை) சூடேற்றிப் பக்குவப்படுத்தும்போது, அதுவரை நன்றாக இருந்த குவானினும் சோதனைக் குழாய்க்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். இப்படிப் பல மடங்கு ஊதிப் பெருத்த எண்கள் வெளியானதால்தான் ஐரோப்பிய ஆய்வகங்கள் 1997-இல் எஸ்காட் என்ற கூட்டமைப்பாக இணைந்து, ஒரே மாதிரியைத் தத்தம் முறையில் அளந்து ஒப்பிட்டன. இரு நாட்டு மக்களின் டி.என்.ஏ. சேதத்தை ஒப்பிடும் கட்டுரை எது கைக்கு வந்தாலும், முடிவைப் படிக்குமுன் மாதிரியை எப்படிப் பிரித்தெடுத்தார்கள் என்ற பத்தியைத்தான் இப்போது முதலில் தேடுகிறேன்.