காரணம் எழுதாத உறை

சிங்கப்பூரில், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு எங்கள் தமிழ்ச் சபையின் ஆராதனை. மண்டபம் வேறொரு மொழிச் சபைக்குச் சொந்தமானது. காலையில் அவர்களுக்கு இரண்டு ஆராதனை, மாலையில் ஒன்று. நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரம் எங்களுக்கு. ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று 1888இலேயே எழுந்துவிட்டது. ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்டுகளுக்கு ஆலயம் இருக்கிறது. நாங்கள் இன்னும் இரவல் கூரையில்தான். ஐந்தேகாலுக்கு அடுத்த கூட்டத்தார் வாசலில் புன்னகையோடு வந்து நிற்பார்கள். அந்தப் புன்னகைக்குப் பயந்தே என் பிரசங்கம் முப்பது நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

என்னைக் கேட்டால், அந்த மூன்று மணி நேரத்தில் பிரசங்கம் அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. காணிக்கைப் பை சுற்றி வந்த பிறகு, நன்றி சொல்லிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளை எடுத்து வாசிப்பேன். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பலர் தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியான சந்தேகம் உண்டு. உறையின் மேல் மூன்று கோடுகள்: பெயர், காரணம், தொகை. பெயரும் காரணமும் வாசிக்கப்படும். தொகை பொருளாளருக்கு மட்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் நன்றி என்றால் கண்ணால் பார்க்கலாம். அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரும் தேங்காயும் பூசணிக்காயும் ஆலயத்துக்குள் வந்து குவியும். கோழி கத்தும். மாலையில் ஏலம். ஒரே முட்டையை எடுத்தவர் திரும்பக் காணிக்கையாகவே கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வந்து, கடைசியில் கோழியைவிட அதிக விலைக்குப் போகும். அப்புறம் அசனம், ஊரே உட்கார்ந்து சாப்பிடும். நெல்லையும் வாழையையும் வைத்து நன்றி சொல்லிப் பழகிய நான், 2007இல், சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து இறக்குமதி செய்யும் ஊருக்கு ஊழியம் செய்ய வந்தேன். இங்கே அறுவடை வேறு மாதிரி. அது எனக்குப் புரியக் கொஞ்சம் காலம் பிடித்தது.

வந்த மூன்றாவது மாதம் ஒரு இளம் தம்பதியின் உறை. காரணம்: "பிடிஓ கிடைத்ததற்காக." எனக்குத் தெரிந்த ஒரே பி.டி.ஓ. எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலர். குழாய் வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்று அவர் அலுவலகத்துக்கு நானே எத்தனையோ முறை அலைந்திருக்கிறேன். நல்ல அதிகாரி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவத்தில் தெரியும். ஆகவே உருக்கமாக ஜெபித்தேன். புதிய பி.டி.ஓ. நீதியுள்ளவராக இருக்கட்டும், கையூட்டு வாங்காதவராக இருக்கட்டும், சீக்கிரம் மாற்றலாகிப் போய்விடாமல் நீண்ட காலம் இவர்களோடு இருக்கட்டும். கண்ணை மூடியிருந்ததால் சபை குலுங்கியது தெரியவில்லை. ஆவியானவர் அசைவாடுகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

ஆராதனை முடிந்ததும் பொருளாளர் அங்கிள் என்னைத் தனியே அழைத்துப்போய் விளக்கினார். அவர் இங்கேயே பிறந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரிக்கவே மாட்டார். பிடிஓ என்பது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டி விற்கும் வீடு. முதலில் குலுக்கல், வரிசை எண் வந்தால் வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம், அப்புறம்தான் கட்டவே தொடங்குவார்கள், சில வருடம் காத்திருந்தால் சாவி. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கதையை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அங்கே போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். இங்கே ஒரு நல்ல பேட்டையென்றால் ஆயிரக்கணக்கானோர். அந்தத் தம்பதி நன்றி சொன்னதில் நியாயம் இருந்தது. "ஆனா நீங்க ஜெபிச்சது வீணாகாது பாஸ்டர்" என்றார் அங்கிள். "நீண்ட காலம் அவங்களோட இருக்கட்டும்னீங்க. தொண்ணூத்தொன்பது வருஷக் குத்தகை."

அன்றே ஒரு சட்டம் போட்டேன். அடுத்த வாரம் மேடையில் நின்று அறிவித்தேன்: "காரணத்தைத் தெளிவாக, விளக்கமாக எழுதுங்கள். காரணம் எழுதாத உறை வாசிக்கப்படாது." புதிதாக வந்த போதகர்களுக்குச் சட்டம் போடுவதில் ஒரு தனி ஆசை. எனக்கும் இருந்தது.

சட்டம் போட்டும் நான் தப்பவில்லை. வந்து பதினான்கு வருடம் ஆன பிறகும் மாட்டிக்கொண்டேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவு வரும் நவம்பர் மாதங்களில் உறைகள் குவியும். 250க்கு மேல் என்றால் சபை கைதட்டும், அதற்குக் கீழே என்றால் நான் குரலைத் தாழ்த்தி ஆறுதலாக இரண்டு வார்த்தை சேர்ப்பேன் என்று ஒரு முறை வைத்திருந்தேன். 2021இல் ஒரு பாட்டி கொடுத்த உறையில், "பேத்தி பிஎஸ்எல்இயில் எட்டு எடுத்ததற்காக." எட்டா! என் நெஞ்சு கரைந்துவிட்டது. எட்டு மதிப்பெண்ணுக்கும் நன்றி சொல்லும் விசுவாசம் எத்தனை பேருக்கு வரும்? மதிப்பெண் மட்டுமே வாழ்க்கையில்லை, கர்த்தர் யாரையும் கைவிடுவதில்லை, மேய்ப்பனாயிருந்த தாவீது எந்தத் தேர்வு எழுதினான் என்றெல்லாம் சொல்லி, அந்தப் பிள்ளையை முன்னால் அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தேன். பாட்டியின் முகம் போன போக்கை நான் கவனித்திருக்க வேண்டும்.

"பாஸ்டர்," என்று பிள்ளை மெதுவாகச் சொன்னது, ஒலிவாங்கிக்குக் கேட்கும் அளவுக்கு. "எட்டுன்னா ரொம்ப நல்ல மார்க்."

அந்த வருடம்தான் முறை மாறியிருக்கிறது. நான்கு பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு நிலை. நான்கையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, மிகத் தாழ்ந்தது 32. எண் குறையக் குறைய உயர்வு. சிறியவனே பெரியவன், பிந்தினோர் முந்தினோராவார்கள் என்று காலமெல்லாம் பிரசங்கித்தவன் நான். கல்வி அமைச்சு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது எனக்குத்தான் புரியவில்லை. பாட்டி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் வாரம் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார்.

பெயரில்லாமலும் ஒரு உறை வந்ததுண்டு. "பிரசங்கம் இன்று" என்பது வரை உரக்க வாசித்தேன். மீதி "சீக்கிரம் முடிந்ததற்காக" என்று கண் முந்திக்கொண்டு படித்துவிட்டது. வாய்க்கு நிறுத்த நேரம் போதவில்லை, அதையும் சொல்லிவிட்டேன். கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. என் வீட்டு மளிகைப் பட்டியல் அதில்தான் வரும்.

எல்லாம் சிரிப்பு உறைகள் இல்லை. பிறந்தநாள், திருமண நாள் என்றால் எத்தனையாவது வருடமோ அத்தனை வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், போடுவது எங்கள் சபையில் சிலருக்கு வழக்கம். ஒரு சனிக்கிழமை, மண்டாயில் ஒருவரைத் தகனம் செய்துவிட்டு வந்தோம். மூன்று நாளாகப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்து, அடக்க ஆராதனை நடத்தி, எல்லாரும் களைத்துப் போயிருந்தோம். மறுநாள் அவருடைய மனைவி ஆராதனைக்கு வந்திருந்தார். உறையில், "அவரோடு வாழ்ந்ததற்காக." உள்ளே 42 வெள்ளி என்று அங்கிள் பிறகு சொன்னார். தொகையை என்னிடம் சொன்னது அந்த ஒரு முறைதான்.

சட்டத்துக்கு வருகிறேன். டுவாஸ் பக்கம் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியில் இருந்த ஒரு தம்பி எங்கள் சபைக்கு வருவார். புதுக்கோட்டைக்காரர், கட்டுமான வேலை. ஓவர்டைம் இல்லாத ஞாயிறுகளில் ரயில், பஸ் மாறி, சலவை செய்த சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். மாதத்தில் முதலில் வரும் ஞாயிற்றுக்கு இரண்டு வெள்ளி. காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: "சும்மா."

முதல் முறை வாசித்தபோது சபை சிரித்தது. நானும்தான். இரண்டாம் மாதமும் அதே வார்த்தை. மூன்றாம் மாதம் அவரைக் கூப்பிட்டுக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். "தம்பி, ஆராதனையில விளையாடக் கூடாது."

அவர் பயந்துவிட்டார். "இல்ல பாஸ்டர். நீங்கதான காரணம் எழுதாட்டி வாசிக்க மாட்டேன்னு சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் தோணல. அதான்."

சரி, படிப்பு குறைவு, விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கோவிட் கட்டுப்பாடுகளால் 2020 மார்ச் கடைசியில் ஆராதனை நின்றது, ஏப்ரல் 7 அன்று எல்லாமே நின்றது. கதவு சாத்தியது, உறைகளும் நின்றன. காணிக்கை, கைபேசியில் பணம் அனுப்பும் பேநவ்வுக்கு மாறியது. காரணத்தை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து அனுப்பினார்கள். ல, ள, ழ மூன்றும் ஒன்றானால் என்ன ஆகும் என்பதை அங்கிள்தான் அனுபவித்தார். "பாஸ்டர், யாரோ பழம் கிடைச்சதுக்குப் பத்து வெள்ளி போட்டிருக்காங்க." விசாரித்தால், கோவிட் வந்து எழுந்தவருக்குப் பலம் கிடைத்திருந்தது. ஜூன் கடைசியில் ஐம்பது பேரோடு ஆராதனை நடத்த அனுமதி வந்தது. முகக்கவசம் கட்டாயம், பாடக் கூடாது. பாடாத தமிழ்ச் சபையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஐம்பது பேர் கண்ணாலேயே பாட முயன்றார்கள். தாளத்துக்கு எல்லார் தலையும் ஆடியது.

புதுக்கோட்டைத் தம்பியால் வர முடியவில்லை. விடுதிகளில் நோய் வேகமாகப் பரவியிருந்தது. மாதக்கணக்கில் அவர்கள் அறையைவிட்டு நகரவில்லை. ஊர் முழுவதும் நடமாடத் தொடங்கிய பிறகும், 2022 நடுப்பகுதி வரை அவர்கள் வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இரவில் அவர் போன் செய்வார். நான் ஜெபிப்பேன். அவர் மேல் கட்டில், கீழ்க் கட்டில் கதைகளைச் சொல்வார். யார் குறட்டை விடுகிறார், யாருக்கு மகன் பிறந்து போனில் மட்டுமே பார்த்தார், வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் இன்று முட்டை இருந்ததா. ஒரு இரவு, சம்பளம், வேலை, ஊர்ப் பயணம் எதுவும் நிச்சயமில்லாத நேரம், "அந்த ரெண்டு வெள்ளிய எப்படிப் போடறது பாஸ்டர்?" என்று கேட்டார்.

"இப்ப எதுக்குத் தம்பி? நிலைமை சரியாகட்டும்."

"இல்ல, அதுக்குத்தான் சும்மான்னு எழுதறது. ஏதாவது ஒண்ணுக்காகன்னு எழுதிட்டா, அது இல்லாத மாசம் போட மனசு வராதுல்ல?"

போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. லூக்கா பதினேழாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த கதை. வருடாவருடம் நன்றி ஆராதனையில் இதுதான் என் வேதபகுதி. திரும்பி வராத ஒன்பது பேரையும் அரை மணி நேரம் வெளுத்து வாங்குவேன். அன்றைக்குத்தான் அந்த ஒன்பது பேர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆசாரியனிடம் போய்க் காட்டுங்கள் என்று சொன்னதே இயேசுதானே? அதைத்தான் செய்யப் போனார்கள். லேவியராகமம் பதினான்கைப் பார்த்தால் தெரியும், அது லேசான காரியமில்லை. இரண்டு குருவிகள், கேதுருக்கட்டை, ஈசோப்பு, தலைமுடி சிரைத்தல், ஏழு நாள் கூடாரத்துக்கு வெளியே காத்திருப்பு, எட்டாம் நாள் பலி. பாவம், வரிசையில் நின்றிருப்பார்கள். சிங்கப்பூரில் இருப்பவனுக்கு இது புரியாதா?

அந்த ஆசாரியனைப் பற்றித்தான் யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. தோல் தெளிந்த மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக அவன் முன்னால் வந்து நிற்கிறார்கள். அவன் பார்க்கிறான், சரி என்கிறான், அடுத்தவரைக் கூப்பிடுகிறான். அது அவன் வேலை. மாலையில் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறான். நான் உறை வாசிப்பதும் அப்படித்தானே? பிடிஓ, பிஆர் என்கிற நிரந்தரவாசம், மகன் தேசிய சேவை முடித்தது, கட்டி புற்றுநோய் இல்லையென்று வந்தது. மற்றவர்களின் நன்றியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துச் சம்பளம் வாங்குகிறேன். என் பெயரில் ஒரு உறை கடைசியாக எப்போது போட்டேன் என்று யோசித்தேன். என் மகளுக்குத் திருமணமானபோது. எட்டு வருடம்.

தம்பி 2023இல் ஊருக்கே திரும்பிவிட்டார். ஆடு வளர்க்கிறார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைக்குப் பதில் புதிதாகப் பிறந்த குட்டியின் படம் அனுப்புவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு முன் ஒரு உறையை எடுத்து உட்கார்ந்தேன். காரணத்தை எழுதப் பேனாவை வைத்தால், மூன்று தலைப்புகளோடு பிரசங்கமாக வருகிறது. தொழில் புத்தி. "சும்மா" என்று எழுதலாம் என்றால் அது வேறொருவரின் சொத்து. கடைசியில் பெயரை மட்டும் எழுதி, வெறும் கோடாக விட்டு, பையில் போட்டேன். வாசிக்கும்போது அது என் கைக்கு வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

முடிந்ததும் பொருளாளர் அங்கிள் வந்தார். ஒரு கையில் என் உறை, இன்னொரு கையில் பேனா.

"காரணம் இல்லாத உறைய வாசிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு பாஸ்டர்?"

வாசலில் அடுத்த கூட்டத்தார் புன்னகைக்கத் தொடங்கியிருந்தார்கள். இளைஞர்கள் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார்கள். யோசிக்க நேரமில்லை. பேனாவை வாங்கி, ஒலிவாங்கித் தாங்கியின்மேல் உறையை வைத்து, "பொருளாளர் அங்கிளுக்காக" என்று எழுதி நீட்டினேன்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"தொகை எழுதலையே" என்றார்.