ஒன்பது ஓட்டை ஜீப்பும் பெரிய தாத்தாவின் தொப்பியும்

ஆயாவின் டிரங்குப் பெட்டியில் மூன்று படங்கள் இருந்தன. மூன்றிலும் இருப்பவர் ஆயாவின் அண்ணன், எங்களுக்குப் பெரிய தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். எங்கள் தெருவில் அவர் வீட்டுக்கு இன்றும் சொல்தா வீடு என்றுதான் பெயர். மூன்று படங்களுமே ஜெர்மன் சண்டையில், அதாவது இரண்டாம் உலகப் போரில் எடுத்தவை என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். மாமா ஒரு படி மேலே போய், பாரிசை மீட்ட படையில் அவர் ஜீப் ஓட்டினார் என்பார். நடக்காத விஷயம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1940 செப்டம்பரிலேயே புதுச்சேரி கவர்னர் லூயி போன்வேன், ஜெர்மனியை எதிர்த்துச் சண்டையைத் தொடர்ந்த பிரெஞ்சு ஜெனரல் தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். இங்கிருந்து சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

ஜூலை 14 வரப்போகிறது, கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்துக்குப் போகும்போது ஒரு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போகலாம், கீழே இடமும் ஆண்டும் எழுதலாம் என்று கிளம்பினேன். அந்த ஒரு வரி எழுத எனக்கு ஐந்து மாதம் ஆனது.

முதல் தப்பு ஸ்கேனிங்கில். கடைக்காரர் நல்ல மனசோடு படத்தைச் 'சுத்தம்' செய்து கொடுத்தார். கீறல் போனது, கறை போனது, கூடவே ஜீப்பின் முன்பக்க நம்பர் பட்டையும் மழமழவென்று போய்விட்டது. கலரும் சேர்த்திருந்தார், பெரிய தாத்தாவின் சட்டை கிளிப்பச்சையில் இருந்தது. மறுபடி போய், எதையும் தொடாமல் 1200 டிபிஐயில் எடுத்துத் தரச் சொன்னேன். பின்பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். பென்சிலில் ஏதோ எழுதி அழிந்திருந்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளம் தெரியும் என்பதால் அதையும் செய்து பார்த்தேன். ஒரு பெயரின் பாதிதான் தேறியது.

ஜீப் படத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஸ்டியரிங் வலது பக்கம். இடுப்பில் அகலமான கேன்வாஸ் பெல்ட், அது பிரிட்டிஷ் படையின் 1937 மாதிரி. வலது பக்க ஸ்டியரிங், பிரிட்டிஷ் பெல்ட், போதாதா? நம்ம ஆள் பிரெஞ்சுப் படையிலேயே இல்லை, பிரிட்டிஷ் இந்தியப் படைக்குத்தான் போயிருக்கிறார் என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் மெட்ராஸ் ரெஜிமென்ட் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன்.

காப்பாற்றியவர் பின்தெரு ஐயா. 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துப் படையில் சேர்ந்தவர், எண்பதைத் தாண்டியவர். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "மூஞ்சியை விடு தம்பி, பொத்தானைப் பாரு" என்றார். ஆண்கள் சட்டையில் இடது பக்கத் துணி மேலே வரும். இதில் மூன்று பேருக்குமே வலது பக்கத் துணி மேலே இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து பெண்கள் சட்டை போட வழியில்லை. நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள்!

கணினியில் படத்தைத் திருப்பினேன். ஸ்டியரிங் இடது பக்கம் வந்தது. போர்க்கால ஜீப் எல்லாமே இடது பக்க ஸ்டியரிங்தான். யார் படைக்குப் போனாலும் அப்படித்தான் போனது. இது தெரிந்திருந்தால் முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும். நம்பர் பட்டையில் சேறு, எண் எதுவும் தெரியவில்லை. ஆனால் அதன் இடது ஓரத்தில் ஒரு குட்டிக் கட்டம், நடுவில் வெள்ளை, இரண்டு பக்கமும் கறுப்பு. மூவர்ணக் கொடி. பிரெஞ்சு ராணுவ வண்டிகளில் நம்பருக்கு முன்னால் அதை வரைவார்கள். பிரிட்டிஷ் படையின் ஜீப் என்றால் எம் எழுத்தில் எண் தொடங்கியிருக்கும். பெல்ட்டுக்கும் காரணம் கிடைத்தது. தெ கோல் படைக்கு பிரிட்டிஷ்காரர்கள் சாமான் கொடுத்தார்கள். போர் முடிந்த பிறகும் பிரெஞ்சுப் படை பிரிட்டிஷ், அமெரிக்கச் சாமான்களைக் கலந்துகட்டித்தான் பயன்படுத்தியது. ஒரு பெல்ட்டை வைத்து நாட்டைச் சொல்லக் கூடாது.

சரி, பிரெஞ்சுப் படை. ஆண்டு? முன் கிரில்லில் ஓட்டைகளை எண்ணினேன், ஒன்பது. அதற்குக் கீழே சட்டத்தை இணைக்கும் குறுக்குக் கம்பி உருளையாக இருந்தது. அதனால் வில்லிஸ். ஃபோர்டு செய்த ஜீப்பில் அது கவிழ்த்த தகரத் தொட்டி மாதிரி இருக்கும். வில்லிஸ் என்று கண்டுபிடித்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை, ஆனால் ஆண்டுக்கு அது உதவவில்லை. 1945க்குள் செய்த வண்டி அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியிருக்கிறதே. ஒரு படத்தில் இருப்பதிலேயே புதுச் சாமான் எதுவோ, அதுதான் படத்தின் வயதைச் சொல்லும்.

புதுச் சாமான் தொப்பிதான். அகல விளிம்பு, தொளதொளத் துணி, விளிம்பை மடக்கி மாட்ட இரண்டு பக்கமும் அமுக்குப் பொத்தான். ஐயா பார்த்தவுடன் "ஷப்போ தெ புரூஸ்" என்றார், காட்டுத் தொப்பி. பிரெஞ்சு ராணுவத்தில் அது 1949 மாதிரி. பாரிஸ் மீண்டது 1944 ஆகஸ்டில். மாமாவின் கதை அந்த இடத்தில் முடிந்தது.

இரண்டாவது படம் ஸ்டுடியோவில் எடுத்தது. கெப்பியில், அதாவது பிரெஞ்சு ராணுவத் தொப்பியில், நங்கூரம் இருந்ததால் கப்பல்படை என்று நினைத்தேன். ஐயா சிரித்தார். காலனியப் படையின் சின்னமே நங்கூரம்தான். கப்பலில் கால் வைக்காதவனும் அதைக் குத்தியிருப்பான். நெஞ்சில் ஒரு சிலுவைப் பதக்கம், ரிப்பனின் நடுவே கருமை, ஓரங்கள் வெளிர். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பி எதையும் சொல்வது ஆபத்து. பழைய ஃபிலிம் சிலவற்றில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும். அதனால் பெட்டியை மறுபடி கவிழ்த்தேன். ஊசி நூல் டப்பாவுக்குள் பதக்கமே கிடந்தது. பின்பக்கம் திருப்பினால், 'வெளிநாட்டுப் போர்க்களங்கள்' என்று பிரெஞ்சில் இருக்கிறது. ஜெர்மன் சண்டைக்குக் கொடுத்த சிலுவை வேறு. அதன் ரிப்பன் சிவப்பில் பச்சைக் கோடு. இது சிவப்பு, ஓரங்களில் வெளிர்நீலம். மேலே வெண்கல நட்சத்திரம் இருந்தது. ரெஜிமென்ட் அல்லது பிரிகேட் அளவில் பாராட்டு வாங்கியிருக்கிறார்.

1949க்குப் பிறகு, காலனியப் படை, வெளிநாட்டுப் போர்க்களம், காட்டுத் தொப்பி. எல்லாம் இந்தோசீனாவை, இன்றைய வியட்நாம் பக்கத்தைத்தான் காட்டின. அங்கே பிரெஞ்சுப் படை தோற்று தியன் பியன் ஃபூ முகாம் விழுந்த 1954லேயே, நவம்பர் 1 அன்று, இங்கே நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது. அப்போது அவர் எங்கே இருந்தார் என்பதைப் படம் சொல்லாது. லிவ்ரேயில், அதாவது அவருடைய ராணுவப் பணிப் புத்தகத்தில், கறையான் விட்டுவைத்த பக்கத்தில் அவருடைய மத்ரிக்குல் நம்பர், அதாவது படை எண், தப்பியிருக்கிறது. அதன் நகலை வைத்து, பிரான்சில் போ நகரத்தில் இருக்கும் ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

ஆயாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

"சைகோன்ல இருந்தாருன்னு நான் சொல்லலியா? இந்தத் தையல் மிஷின் பின்ன எங்கேருந்து வந்துச்சாம்?"

என் சட்டைக்குப் பட்டன் தைத்ததே அந்த மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான். ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்றாவது படத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய தாத்தா தனியாக ஒரு ஜீப்பில் சாய்ந்து நிற்பார், கம்பீரமான படம். கிரில்லில் ஏழே ஓட்டை, முன்னால் துருத்திய பெரிய விளக்குகள். போர் முடிந்த பிறகு பொதுமக்களுக்கு விற்ற ஜீப். பின்னணியில் வாழை மரம் கட்டிய பந்தல் கால் வேறு தெரிகிறது. யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு வந்த வண்டி.

மாமா அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, 'பாரிஸ், 1944' என்று எழுதி ஹாலில் மாட்டியிருக்கிறார். ஃபிரேமுக்கு இரண்டாயிரம் ரூபாய் ஆனதாம். நான் இன்னும் வாய் திறக்கவில்லை.