ரெண்டு துகள்களுக்கிடையே ஒளி போடுற பிணைப்பு, ஒளியே இல்லாத இடத்தில்தான் இறுகுதாம்!

2024இல் நேச்சர் ஃபிசிக்ஸ் ஆய்விதழில் வந்த, சூரிச் ஈ.டி.ஹெச் பல்கலைக்கழகத்தின் சோதனையைத்தான் கொஞ்ச நாளா பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்கேன்.

வெற்றிடத்தில் ரெண்டு சிலிக்கா உருண்டை. ஒவ்வொண்ணும் சுமார் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் சில நூறு அடுக்கலாம். அந்தரத்தில் பிடிச்சு வெச்சிருக்கிறது லேசர் இடுக்கி, அதாவது குவிச்ச லேசர் ஒளி (2018இல் ஆர்தர் அஷ்கினுக்கு நோபல் வாங்கித் தந்த அதே உத்திதான்). இரு பக்கமும் எதிரெதிரா ஆடிகள் (கண்ணாடிகள்). ஒரு துகள் அசைஞ்சால் அது சிதறடிக்கிற ஒளியும் மாறும். அந்த ஒளி ஆடிகளுக்கிடையே திரும்பத் திரும்ப அலைஞ்சு, இன்னொரு துகளைப் போய் உலுக்கும்.

திறந்த வெளியில் தூரம் கூடக்கூட இந்தப் பிணைப்பு தேய்ஞ்சிடும். ஆடிகளுக்கு நடுவே அப்படியில்லை. எவ்வளவு தள்ளி இருக்குங்கிறதைவிட, நிலையலையில் (ஆடிகளுக்கிடையே நகராமல் ஒரே இடத்தில் நிக்கிற ஒளியலையில்) எந்த இடத்தில் இருக்குங்கிறதுதான் கணக்கு. அதுவும் கணுவில், அதாவது அந்த நிலையலையின் ஒளிச்செறிவு பூஜ்யமாகிற புள்ளியில் வெச்சால்தான் ஆடி அச்சு வழியான அசைவுக்குப் பிணைப்பு உச்சம். அங்கேதானே அலையின் சரிவு அதிகம்!

ஒத்தைத் துகளைக் குவாண்டம் தரைநிலைவரை, அதாவது அசைவு குறைஞ்சபட்ச ஆற்றலுக்கு இறங்குறவரை குளிர்விக்கிற வேலையை வியன்னாக்காரங்க 2020லேயே முடிச்சிட்டாங்க. ரெண்டு துகளையும் குவாண்டம் பின்னலில், அதாவது தனித்தனியா விவரிக்கவே முடியாத ஒரே கூட்டு நிலையில் மாட்டிவிடுறதுதான் எல்லாருக்கும் இலக்கு. எனக்கென்னவோ மூணாவது துகளை உள்ளே விட்டால் என்ன கூத்து நடக்கும்னுதான் பார்க்கணும்.