சீல் வைத்த கேஸும் ஒரு லைசென்ஸும்

"பார்த்தா அவங்களுக்கே தெரிஞ்சிரும்னா, என்கிட்ட எதுக்குத் தம்பி கேக்காங்க?"

நியூயார்க்கில் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு வந்த கடைக்கார அண்ணாச்சியிடம், சீல் வைத்த பழைய கேஸையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்றதும் இப்படிக் கேட்டார். நீங்கள் மறைக்கிறீர்களா என்று பார்க்கத்தான் அண்ணாச்சி, என்றேன். தப்பான பதில் இல்லை. ஆனால் அவர் உடனே, "அப்போ இது கேஸப் பத்தின கேள்வியே இல்ல, என்னா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்பு வந்து, தனிப்பட்ட காரணம் காட்டாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக லைசென்ஸ் கேட்கலாம் என்றானதும், நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் கடை வைத்திருக்கும் நம்மவர்களும் எங்கள் ஆபீஸுக்கு வர ஆரம்பித்தார்கள். நான் வக்கீல் இல்லை. வக்கீலிடம் போகும் முன் பேப்பரை ஒழுங்குபடுத்துகிறவன்.

அண்ணாச்சியின் கேஸ் தொண்ணூறுகளில் நடந்தது. வேலை பார்த்த இடத்தில் கைகலப்பு, ஒரு ராத்திரி லாக்கப், பிறகு ஏசிடி, அதாவது ஒழுங்காக இருந்தால் தள்ளுபடி என்று கேஸை ஒத்திவைப்பது. ஆறு மாதம் வம்புதும்பு இல்லாமல் இருந்ததால் தள்ளுபடியாகி, கோப்பை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி சீல் வைத்துவிட்டார்கள். நியூயார்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160.60-ஆம் பிரிவு, அந்தக் கைதும் வழக்கும் இல்லாதவையே என்கிறது. கைதாவதற்கு முன்பு இருந்த நிலைக்கே ஆள் திரும்பிவிட்டதாகக் கணக்கு. சாதாரண வேலைக்கு எடுக்கிறவர்கள் அதைக் கேட்கவே கூடாது. ஆனால் சீல் வைக்கச் சொல்லும் 160.50-லேயே ஒரு கதவு திறந்திருக்கிறது: துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு போட்டால், லைசென்ஸ் கொடுக்கிறவர்கள் அந்தக் கோப்பைப் பார்க்கலாம். நியூயார்க் நகரத்தின் விண்ணப்பமும் சீல் வைத்த கைதைச் சேர்த்தே எழுதச் சொல்கிறது. கோர்ட்டில், கேஸ் எப்படி முடிந்தது என்று காட்டும் டிஸ்பொசிஷன் சான்றிதழ் வாங்கி, என்ன நடந்தது என்று ஒரு விளக்கமும் எழுதி இணைக்க வேண்டும்.

ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் நியூஜெர்சி. அங்கே விண்ணப்பம், நீக்கப்படாத, சீல் வைக்கப்படாத தண்டனை உண்டா என்றுதான் கேட்கிறது. அங்கே எடிசனில் இருக்கும் அண்ணாச்சியின் மச்சான் அப்படித்தான் நிரப்பினாராம். "ஒரே நாடுதானே தம்பி?" இதற்கு நான் சிரித்ததாக ஞாபகம்.

அதுவரை எழுதிவிடுவதாகத்தான் இருந்தார். மஞ்சள் பேடில் தேதியைக்கூடக் குறித்துக்கொண்டார். அப்புறம்தான் மற்றதைச் சொன்னேன். 18 மணி நேரப் பயிற்சி, நான்கு பேர் நற்சான்று, கூடவே மனைவியின் பெயரும் தொடர்பு விவரமும். மனைவியிடமும் விசாரிப்பார்களா என்றார். விசாரிக்கலாம் என்றேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் நடந்த அந்த ராத்திரி வீட்டுக்குத் தெரியாது.

அதன்பிறகு அவர் வரவில்லை. கடையில் பார்த்தால் பருப்பு விலையைப் பற்றிப் பேசுவார்.

விஷயத்தை மறைத்துவிட்டு மனு போட்டு, பொய் சொன்னார் என்றே அது தள்ளுபடியாகியிருந்தால், கைகலப்பைவிடப் பெரிய கறை அது. தடுத்தேன், அவ்வளவுதான். வக்கீலும், நீ சொன்னதில் ஒரு வார்த்தை பிசகில்லை என்கிறார்.

ஆனால் எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாகக் கல்லாவை எண்ணுகிற ஆளுக்கு அது ஏன் தேவைப்படுகிறது என்பது புரிந்தும் பிடிக்காது. அன்றைக்கு மனைவி விஷயத்தைக் கடைசியில் வைத்துச் சொன்னது, விண்ணப்பத்தின் வரிசைப்படியா, இல்லை அதுதான் அவரை நிறுத்தும் என்று எனக்கு உள்ளுக்குள் பட்டதாலா? விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். மனைவியின் விவரம் அதில் கடைசியில் இல்லை. பயிற்சியையும் நற்சான்றையும் முதலில் சொல்வது எல்லோரிடமும் என் வழக்கம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். வழக்கம்தானா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

போன மாதம் இன்னொருவர் வந்தார், ஏறக்குறைய அதே மாதிரி கேஸ். மனைவி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பழைய வரிசையிலேயே சொல்லி முடித்தேன். அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.