‘நான்’ எழும் இடத்தைப் பார்க்கப் பழகியது

அகந்தையை ஒழித்தே தீர்வது என்ற உறுதியோடு தியானத்தில் அமர்ந்தால், அந்த உறுதியையே பிடித்துக்கொண்டு அகந்தை இன்னும் வலுத்துவிடுகிறது என்பதை விபஸ்ஸனா என்னும் பௌத்த உள்நோக்குத் தியான முகாமின் தொடக்க நாட்களிலேயே கண்டுகொண்டேன். புத்தர் காட்டிய வழியில் அகந்தையோடு மல்லுக்கு நிற்கும் வேலையே இல்லை. சாரநாத் என இன்று அழைக்கப்படும் இசிபதனத்தில், தம் முதல் ஐந்து சீடர்களுக்கு அவர் ஆற்றிய இரண்டாவது பேருரை, ‘நான்’ என்று நாம் கொள்வதை உடல், நுகர்ச்சி (இன்ப துன்ப உணர்வு), குறிப்பு (பொருளை இனங்காணுதல்), மனச்செயல்கள், அறிவு என்னும் ஐந்து தொகுதிகளாக, அதாவது கந்தங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. இவற்றில் எதையும் ‘இப்படி இரு, இப்படி இராதே’ என்று நம்மால் ஆணையிட முடியாது. ஆகையால் எதையும் ‘இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா’ என்று கொள்வதற்கு நியாயமில்லை. இதைப் படித்துப் புரிந்துகொள்வது எளிது. உடம்போடு உட்கார்ந்து பார்ப்பது வேறு விதமான வேலை.

எனக்குக் கற்பிக்கப்பட்டது பர்மிய பிக்கு மகாசி சயாடோ பரப்பிய முறை. மூச்சினால் வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனத்துக்குள் ‘எழுகிறது, தாழ்கிறது’ என்று குறித்து வர வேண்டும். வலியோ ஒலியோ நினைவோ மேலோங்கினால் அதையும் அவ்வாறே குறிக்க வேண்டும். முழங்கால் வலியில்தான் முதல் தெளிவு கிடைத்தது. ‘என் கால் போய்விடும்’ என்ற பதற்றத்தை ஒதுக்கிவைத்து வலியை அருகில் சென்று பார்த்தபோது, ஒரே கட்டியாகத் தெரிந்த அது, முதலில் சூடாகவும், பிறகு உள்ளிருந்து திருகும் இறுக்கமாகவும், இடையிடையே ஊசி குத்துவது போன்ற துடிப்பாகவும் பிரிந்து, இடம் மாறிக்கொண்டே இருந்தது. அந்தச் சில கணங்களில் வலி இருந்தது, அறிதல் இருந்தது. வலிக்கு உரிமையாளர் என்று யாரும் தென்படவில்லை. மறுகணமே ‘ஆகா, எனக்குக் கைகூடிவிட்டது’ என்ற எண்ணம் வந்து உரிமையைக் கோரியது. அதையும் ‘எண்ணம்’ என்று குறித்துக்கொண்டு வயிற்றுக்குத் திரும்புவதுதான் பயிற்சி.

இதைவிட ஆழமாக என்னைத் தொட்டது, ஒப்பிடும் பழக்கத்தை நேருக்கு நேர் கண்டதுதான். அருகில் ஒருவர் அசையாமல் அமர்ந்திருந்தார். அவர் கால் மாற்றினால் உள்ளே மெல்லிய மகிழ்ச்சி. அவர் அசையாமல் இருந்தால் நான் எதற்கும் லாயக்கில்லை என்ற சோர்வு. அந்தச் சோர்வைப் பணிவு என்றே கருதிக்கொண்டு ஆசிரியரிடம் கூறினேன். ‘மேலானவன்’, ‘சமமானவன்’, ‘தாழ்ந்தவன்’ என்ற மூன்று எண்ணங்களையும் புத்தர், தன்னைப் பிறரோடு அளக்கும் செருக்காகிய ‘மானம்’ என்னும் ஒரே தளையின் வடிவங்களாகச் சொன்னதை அவர் நினைவூட்டினார். தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் தன்னையே அளந்துகொண்டிருப்பதுதான் என்று புரிந்தபோது, பல ஆண்டுச் சுமை ஒன்று இறங்கியது போல இருந்தது.

மனத்தைப் பிறவிச் சுழலில் கட்டிவைப்பவை எனப் பௌத்தம் கூறும் பத்துத் தளைகளில் ‘நிலையான ஆன்மா ஒன்று உண்டு’ என்னும் பார்வை முதலாவது. அது விடுதலைப் பாதையின் முதற்படியான முதல் மார்க்க நிலையிலேயே அறுந்துவிடும். மானமோ எட்டாவது, இறுதிப் படியான அருக நிலையில்தான் முற்றாக அறும். நோயுற்றிருந்த கேமகர் என்னும் பிக்கு, கோசம்பியில் தங்கியிருந்த மூத்த பிக்குகளிடம், ஐந்து கந்தங்களில் எதையும் ஆன்மாவாகக் காணவில்லை என்றாலும் ‘இருக்கிறேன்’ என்பது தம்மை விட்டு இன்னும் நீங்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். வெளுத்த துணியில், வெளுக்கப் பயன்பட்ட உவர்மண்ணின் வாடை தங்குவது போல அது தங்கியிருக்கிறது என்பது அவர் தந்த உவமை. தளர்ந்துபோகும் போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது இவரைத்தான்.

முகாம் முடிந்தபின் அன்றாட வாழ்வில்தான் பயிற்சி உண்மையில் சோதிக்கப்படுகிறது. யாரேனும் கடிந்து பேசினால் முதலில் நெஞ்சு இறுகுகிறது, காது மடல் சூடாகிறது, பிறகே ‘என்னையா சொன்னார்’ என்ற வாக்கியம் உருவாகிறது. அந்த இறுக்கத்தை அப்போதே குறித்துவிட்டால், பெரும்பாலும் வாக்கியம் முழுமை பெறுவதில்லை; பதில் சொல்ல வேண்டியிருந்தால் நிதானமாகச் சொல்ல முடிகிறது. புகழ் வரும்போது இவ்வாறு குறிப்பது எனக்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது. இனிமையான நுகர்ச்சியைக் கவனிக்க மனம் ஒப்புவதில்லை, அதில் தோய்ந்திருக்கவே விரும்புகிறது. ஆகவே இப்போது என் கவனத்தில் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டு வருகிறேன்.