ஒரு யுஎஸ்பி பிரிண்டர், இரண்டு கணினிகள்

எங்கள் வீட்டு லேசர் பிரிண்டருக்கு வைஃபை கிடையாது, நெட்வொர்க் கேபிள் சொருகும் இடமும் கிடையாது. பின்புறம் சதுரமாக ஒரு யுஎஸ்பி வாய் மட்டும்தான். ஆனால் எழுத்தை அத்தனை கூர்மையாக அச்சிடும், தாள் சிக்குவதும் அபூர்வம். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அது என் மேசைக் கணினியோடு இணைந்திருக்கிறது. அக்காவின் மடிக்கணினி அடுத்த அறையில். ஒரு பக்கம் அச்சிட வேண்டுமென்றால் பென் டிரைவோடு வந்து நிற்பாள், நான் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டு எழுந்து நாற்காலியைக் கொடுப்பேன். நீளமான கேபிள் போடலாம் என்றால் யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. போட்டாலும் ஒரு நேரத்தில் ஒரு கணினிக்குத்தான் அது உதவும். இரண்டு கணினிகளிலும் லினக்ஸ், வீட்டில் ஒரே ரவுட்டர். நெட்வொர்க் வழியாகவே பகிர்ந்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று வார இறுதிகள் பிடித்தன.

லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனித்துக்கொள்வது கப்ஸ் என்ற மென்பொருள். 1999 முதல் இருக்கிறது. பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து 631 என்ற போர்ட் எண்ணை (கணினிக்குள் ஒரு சேவைக்கான வாசல் எண்) சேர்த்தால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். ‘இந்தக் கணினியோடு இணைந்த பிரிண்டர்களைப் பகிர்’ என்ற பெட்டியில் குறியிட்டுச் சேமித்தேன். மடிக்கணினியில் எதுவும் தென்படவில்லை.

நெட்வொர்க்கிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் தடுக்கிறது என்று நினைத்தேன். அது பாதி சரி. தகவல் அனுப்பும் முறைகளான டிசிபி, யுடிபி இரண்டுக்கும் தனித்தனி போர்ட்டுகள் உண்டு. அச்சு வேலை வந்து சேர டிசிபி 631 திறந்திருக்க வேண்டும். ‘இங்கே ஒரு பிரிண்டர் இருக்கிறது’ என்ற அறிவிப்பு வெளியே போக யுடிபி 5353 வேண்டும். இரண்டையும் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. அடுத்து, அக்காவின் கணினி விருந்தினருக்கான தனி வைஃபையில் இருப்பதைக் கண்டேன். அந்த வைஃபையில் இருப்பவர்கள் வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் பிரித்து வைக்கிறது. அவளைப் பிரதான வைஃபைக்கு மாற்றினேன். இன்னமும் இல்லை!

இரவு பத்து மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது. கப்ஸில் பகிர்வுக்கு இரண்டு இடங்களில் குறியிட வேண்டும். ஒன்று மொத்தக் கணினிக்கு, மற்றொன்று ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனித்தனியாக. நான் வாசல் கதவைத் திறந்துவிட்டு அறைக் கதவைப் பூட்டியே வைத்திருந்தேன். பிரிண்டரின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதையும் பகிர்ந்த அடுத்த நொடி, மடிக்கணினியின் பட்டியலில் பெயர் வந்து நின்றது. இதே முயற்சியில் இருப்பவர்கள் ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன் அந்த இரண்டாவது குறியைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் வாரம்தான் உண்மையில் கற்றுக்கொண்ட வாரம். பெயர் தெரிகிறதே தவிர, மடிக்கணினியிலும் டிரைவர் (பிரிண்டரின் மொழியில் பேசும் மென்பொருள்) நிறுவ வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எங்கள் மாடலின் பெயர் பட்டியலில் இல்லாததால் அதற்கு நெருக்கமான வேறொரு மாடலைத் தேர்ந்தெடுத்தேன். சோதனைப் பக்கம் கொடுத்ததும் பிரிண்டர் உற்சாகமாகச் சுழன்றது. வெளியே வந்த தாளின் இடது மேல் மூலையில் ‘@’ குறியும் அதையடுத்து பிஜேஎல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருந்தன, கீழே இரண்டு வரி கட்டளைகள், பிறகு அர்த்தமில்லாத குறிகள். அடுத்த தாளில் ஒரே ஒரு குறி. அதற்கடுத்த தாளிலும் அப்படியே. தாள்தட்டை வெளியே இழுத்துத்தான் நிறுத்தினேன். பதினோரு தாள் வீண்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிஜேஎல் என்பது அச்சு வேலை எப்போது தொடங்குகிறது, எந்த மொழியில் வருகிறது என்று பிரிண்டரிடம் சொல்லும் கட்டளைத் தொகுதி. எங்கள் பிரிண்டருக்கு அது தெரியாது, எனவே கட்டளையையே எழுத்தாக எண்ணி அச்சிட்டுவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. பிரிண்டரை நெட்வொர்க்கில் வைத்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன். நெட்வொர்க்கில் இருப்பது பிரிண்டர் அல்ல, என் மேசைக் கணினி. யுஎஸ்பி கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது அதற்கு மட்டும்தான் தெரியும். அதன் மொழியில் பேசவேண்டியதும் அதுவே. மடிக்கணினி பக்கத்தைப் பொதுவான வடிவத்தில், பிடிஎஃப் ஆகவோ படமாகவோ அனுப்பினால் போதும், மொழிபெயர்ப்பை மேசைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

எனவே மடிக்கணினியில் நிறுவிய டிரைவரை நீக்கினேன். மேசைக் கணினியின் முகவரியையும் பிரிண்டரின் பகிர்வுப் பெயரையும் கொடுத்து, ‘ஐபிபி எவ்ரிவேர்’ என்ற டிரைவரற்ற முறையில் சேர்த்தேன். முகவரியாக ஐபி எண்ணைக் கொடுக்கவில்லை. ரவுட்டர் அதை என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றிவிடும். கணினியின் பெயரோடு ‘லோக்கல்’ என்ற பின்னொட்டைச் சேர்த்துக் கொடுத்தேன். சோதனைப் பக்கம் அழகாக வந்தது. அதை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இடையில் ஒரு சிறு தொல்லை: சில வேலைகளுக்கு மட்டும் பிரிண்டர் அசையாமல் மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேசைக் கணினியில் இயல்பான தாள் அளவு லெட்டர் என்று இருந்தது, தட்டில் இருந்ததோ ஏ4. லெட்டர் 216 மி.மீ. அகலமும் 279 மி.மீ. உயரமும் கொண்டது, ஏ4 தாள் 210க்கு 297. பிரிண்டர் லெட்டர் தாளுக்காகக் காத்திருந்திருக்கிறது. இரண்டு கணினிகளிலும் ஏ4 என்று மாற்றியதும் விளக்கு அடங்கியது.

அதே வாரம் பாதுகாப்பையும் பார்த்தேன். கப்ஸோடு வரும் ‘கப்ஸ் பிரௌஸ்டு’ என்ற துணைச் சேவை யுடிபி 631இல் யார் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறது என்ற ஓட்டை 2024 செப்டம்பரில் வெளியானது. நான் பிரிண்டரைக் கையால் சேர்த்திருப்பதால் அந்தச் சேவை எனக்குத் தேவையே இல்லை. இரண்டு கணினிகளிலும் நிறுத்திவிட்டேன். ரவுட்டரில் 631ஐ வெளி இணையத்துக்குத் திறக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள்.

மூன்றாம் வாரத்துக்கான வேலையை அக்காதான் கொடுத்தாள். “மூன்று முறை கொடுத்துவிட்டேன், ஒன்றுகூட வரவில்லை” என்றாள். நான் வந்து மேசைக் கணினியின் விசைப்பலகையைத் தொட்டதும் மூன்று பிரதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கணினி உறக்கத்தில் இருந்திருக்கிறது. அவளுடைய வேலைகள் மடிக்கணினியின் வரிசையில் பொறுமையாகக் காத்திருந்திருக்கின்றன.

எப்போதும் விழித்திருக்கச் சொல்லலாம். இரண்டு பக்கத்துக்காக இரவு பகலாக ஒரு கணினி ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பதிலாக, நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வேக் ஆன் லேன் முறையைப் பிடித்தேன். உறங்கும் கணினியின் நெட்வொர்க் அட்டை மட்டும் விழித்திருக்கும். குறிப்பிட்ட ஒரு தரவுப் பொட்டலம் வந்தால் கணினியை எழுப்பும். அந்தப் பொட்டலத்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று: எல்லா பிட்டும் ஒன்றாக இருக்கும் 6 பைட்டுகள், பிறகு அந்த அட்டைக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரி 16 முறை. மேக் முகவரி 6 பைட் என்பதால் மொத்தம் 102 பைட். தூங்குகிறவரைப் பெயர் சொல்லிப் பதினாறு முறை கூப்பிடுவதைப் போலத்தான். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸில் அதற்கான அனுமதியைக் கொடுத்தேன், லினக்ஸிலும் அட்டையின் அமைப்பை மாற்றினேன். மறுதொடக்கத்தில் அந்த அமைப்பு அழிந்துவிட்டதால் நிரந்தரமாக்க இன்னொரு மாலை செலவானது. என் மேசைக் கணினி ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருப்பதால் எழுப்புவது ஒரு முறைகூடத் தவறவில்லை.

அக்காவின் திரையில் ‘பிரிண்டரை எழுப்பு’ என்று ஒரு ஐகான் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதை அழுத்திவிட்டு, சில நொடிகள் கழித்து அச்சிடக் கொடுக்கிறாள். பென் டிரைவோடு அவள் வந்து நின்று இரண்டு வாரம் ஆகிறது.

அடுத்து, உள்ளங்கை அளவு ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றை மேசைக் கணினியின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மிகக் குறைந்த மின்சாரத்தில் நாள் முழுக்க விழித்திருக்கும், எழுப்பும் வேலையே இருக்காது. ஆனால் ஆர்ம் என்ற வேறு வகையைச் சேர்ந்த அதன் செயலிக்கு இந்தப் பிரிண்டரின் டிரைவர் கிடைக்க வேண்டும். தயாரிப்பாளர் தருவது மேசைக் கணினிகளின் செயலிக்கு மட்டும். திறந்த மூல டிரைவர் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. அதன் ஆதரவுப் பட்டியலில் எங்கள் மாடலும் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை முதலில் மேசைக் கணினியிலேயே அதை நிறுவி, பத்துப் பக்கம் அச்சிட்டுப் பார்க்கப் போகிறேன்.